பதினைந்தரை இஞ்ச் வழி

அந்த வனப்பூங்காவில் அவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அளவெடுக்கிற டேப் அவரிடம் இல்லாத காரணத்தால் வந்த பெயர் அது. வெல்டிங், தச்சு, குழாய், பூட்டு என்று பூங்காவின் சில்லறை வேலை மொத்தத்தையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பவர், இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட டேப்பைக் கையால் தொட்டதில்லை. யாராவது கேட்டால், "டேப் தொலைஞ்சுபோகும். உடம்பு எங்க போகப்போகுது?" என்பார்.

பெஞ்சு போட வேண்டுமா, தன் முட்டிக்கு நேராக ஒரு கோடு. குழாய் வைக்க வேண்டுமா, முழங்கை உயரம். மேட்டுப் பாதைக்குக் கைப்பிடிக் கம்பியா, இடுப்புக்கு மேல் நாலு விரல். ஏரிக்கரையில், பறவைகளுக்குத் தெரியாமல் பறவைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு மரத்தட்டி எழுப்பியபோது, பலகையில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். கண் வந்த இடத்தில் ஆணியால் குறித்து, அங்கேயே ஓட்டை போட்டார். ஓட்டை வழியாக ஏரி முழுவதும் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது.

ஆக, அறுபது ஏக்கர் காடும் ஏரியும் ஒல்லியான ஒரு மனிதரின் உடம்புக்குக் கச்சிதமாக அமைந்துவிட்டன. அங்கே உயரமாகவோ தாழ்வாகவோ எதுவுமே இல்லை என்பதில் டேப்புவுக்கு ரொம்பப் பெருமை. எக்கிக்கொண்டு தண்ணீர் குடிப்பவர்களையும், ஓட்டை எட்டாமல் குதித்துக் குதித்துப் பார்ப்பவர்களையும் கண்டால், "பாவம், பழக்கமில்லாதவங்க" என்று இரக்கப்படுவார்.

இத்தனையிலும் அவர் உயிரை வைத்திருந்தது முன்வாசல் கேட்டில். பதினேழு வருடத்துக்கு முன்னால் சில இளவட்டங்கள் மோட்டார் பைக்கோடு உள்ளே புகுந்து ஏரியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பறவைகள் எல்லாம் வேறு ஏரி பார்த்துப் போய்விட்டன. அப்போதிருந்த அதிகாரி தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, டேப்பு இரும்புக் குழாயை அரைவட்டமாக வளைத்து, நடுவில் முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு கதவை மாட்டினார். உள்ளே நுழைந்து, உடம்பைத் திருப்பி, கதவைத் தள்ளி, மறுபக்கமாக வெளியே வர வேண்டும். இடைவெளி எவ்வளவு விடுவது? சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்றார். வயிற்றைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை; தாராளமாகத்தான் விட்டார்.

திறப்பு நாளன்று யாருடைய பைக்கையோ வாங்கிவந்து, எல்லோர் முன்னாலும் அதை உள்ளே தள்ளிப் பார்த்தார். பைக் மாட்டிக்கொண்டது. இந்தப் பக்கமாகத் தள்ளினார், அந்தப் பக்கமாகத் தள்ளினார், முன்சக்கரத்தைத் தூக்கிக்கூடப் பார்த்தார். ம்ஹும். கூட்டம் கைதட்டியது. அதிகாரி கைகுலுக்கினார். அந்தப் படம் இன்றைக்கும் அலுவலகச் சுவரில் தொங்குகிறது; வாயெல்லாம் பல்லாக டேப்பு, பக்கத்தில் மாட்டிக்கொண்ட பைக்.

அன்றிலிருந்து கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனுக்கு ஒரு கூடுதல் வேலை வந்து சேர்ந்தது. குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற தாய்மார்களுக்கு, வண்டியை வேலிக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கித் தருவது. அதை அவர் உடற்பயிற்சிக் கணக்கில் வைத்துக்கொண்டார். டேப்புவும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்.

டேப்புவுக்கு ஒரு அக்கா. பூங்காவிலிருந்து நாலு தெரு தள்ளி தையல் கடை வைத்திருக்கிறார். மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலின் பலத்தைக் கொண்டுபோய்விட்டது. சின்ன வயதில் தம்பியின் தோளில் கைவைத்து நடந்தார். தம்பி மளமளவென்று வளர்ந்து தோள் எட்டாமல் போனதும் இரண்டு ஊன்றுகட்டைகளுக்கு மாறினார். அந்தக் கடையை அங்குலம் அங்குலமாக அமைத்துக் கொடுத்தது டேப்புதான். துணி வெட்டும் மேஜை அக்காவின் இடுப்புக்கு, தைத்ததை மாட்டும் கொக்கி அக்காவின் கைக்கு, நடக்கும் வழி அக்காவின் கட்டைகளுக்கு. வாசல்படியைக்கூட இடித்துச் சரிவாக்கிக் கொடுத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் கத்தரிக்கோல் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் டேப்பு நேராக அந்தக் கடைக்குத்தான் போவார். அக்கா தைத்துக்கொண்டிருப்பார், இவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாரத்துக் கதையை ஆரம்பிப்பார். கதையின் நாயகன் எப்போதும் ஒரு மீன்கொத்திதான்.

"தலைகீழா விழுந்தது பாருக்கா, அவ்ளோதான், தண்ணியில ஒரு சத்தம். வெளிய வரும்போது வாயில ஒரு ஜாண் மீன்!" கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே கையை விரிக்கிற மட்டும் விரித்துக் காட்டுவார்.

"போன வாரமும் ஒரு ஜாண்தானே சொன்ன?"

"அது போன வாரத்து மீன்."

அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "ம்" என்பார். நடுவில் யாராவது பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை வாங்க வந்து, தோள் தொங்குகிறதே என்று முகத்தைச் சுளித்தால், "கொஞ்சம் லூஸாவே இருக்கட்டும், வளர்ற உடம்பு" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவைப்பார். பிறகு, "சொல்லு, மீனை முழுங்கிடுச்சா?" என்று தம்பி பக்கம் திரும்புவார்.

இவ்வளவு கேட்டாரே தவிர, பூங்காவுக்கு அக்கா வந்ததே இல்லை. ஏன் என்று யாராவது விசாரித்தால் டேப்புவிடம் பதில் தயாராக இருக்கும். "அக்காவுக்கு மரம் செடின்னா அவ்வளவா ஆர்வம் கிடையாது."

இந்த வருடம் பூங்காவுக்குப் புது அதிகாரியாக ஒரு மேடம் வந்தார். சின்ன உருவம், கையில் பெரிய நோட்டு. வந்த முதல் நாள் ஏரிக்கரைத் தட்டிக்குப் போய், நுனிக்காலில் நின்று ஓட்டையில் கண்ணை வைத்தார். வானம் மட்டும்தான் தெரிந்தது. ஒரு செங்கல்லைப் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். "இங்க யார் யார் வர்றாங்கன்னு டிக்கெட் பார்த்தாத் தெரியும். யார் யார் வரலன்னு யாருக்காவது தெரியுமா?"

வராதவர்களை எங்கே போய் எண்ணுவது?

மேடம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். உங்கள் வீட்டில், சொந்தத்தில் இதுவரை இந்தப் பூங்காவுக்குள் வராத ஒருவர் யார், என்ன உறவு, வராததற்குக் காரணம் என்ன என்று எழுதித் தர வேண்டும். நாலு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியைச் சுற்றி ஒரு நடை. அன்றைக்கு அந்த ஆளை அவரவர் கூட்டிவர வேண்டும். அதுவரை காரணங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு வருவோம் என்றார்.

மற்றவர்கள் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வாட்ச்மேனின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர், நல்ல கனத்த உடம்பு. "கேட்ல மாட்டிக்கிட்டா தீயணைப்பு வண்டியைக் கூப்பிடணும், எனக்கெதுக்கு இந்த வம்பு" என்று சொல்லியனுப்பினார். டிக்கெட் கொடுக்கிறவரின் மனைவி, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத இடத்துக்குத் தன்னால் வர முடியாது என்று எழுதிக் கொடுத்தார். டேப்பு மட்டும் அங்கேயே நின்று, தாளைச் சுவரில் வைத்து, இரண்டே நிமிடத்தில் எழுதி முடித்தார். 'அக்கா. உடன்பிறந்தவர். விருப்பமில்லை.'

மேடம் வாங்கிப் பார்த்தார். "அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேக்கணுமா மேடம்? என் அக்காவை எனக்குத் தெரியாதா?"

"தெரியும்தான். எதுக்கும் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

ஒரு கையெழுத்துதானே என்று டேப்பு அன்று மாலையே தையல் கடைக்குப் போனார். அக்கா தாளை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்தார், இன்னொரு முறையும் படித்தார். பிறகு மெஷினின் சுவிட்சை அணைத்தார். வேலை நேரத்தில் அக்கா மெஷினை அணைத்து டேப்பு பார்த்ததில்லை.

"விருப்பமில்லைன்னு யாருடா சொன்னா?"

"யார் சொல்லணும்? பதினேழு வருஷமா நீ வந்ததே இல்லையே."

"மேல் தட்டுல, ஓரமா நீல அட்டை போட்ட நோட்டு ஒண்ணு இருக்கும். எடு."

அது அக்காவின் அளவு நோட்டு. வருடத்துக்கு ஒன்று. பழைய அளவே போதும் என்று வருகிறவர்களுக்காக எல்லாவற்றையும் பத்திரமாக அடுக்கி வைத்திருந்தார். நீல அட்டை நோட்டின் நடுப்பக்கத்தை விரித்துத் தம்பி முன்னால் வைத்தார். மேலே டேப்புவின் சட்டை அளவு. நீளம் இருபத்தொன்பது, தோள் பதினேழு, மார்பு முப்பத்தாறு. அதற்குக் கீழே, அதே பேனாவில்:

தம்பி கேட் – 15½
நான், கட்டையோட – 31

டேப்பு தேதியைப் பார்த்தார். கேட் திறப்பு விழா நடந்த நாள்.

"நீ வந்தியா?" என்றார்.

"வராம? என் தம்பி கேட் செஞ்சிருக்கான், அதிகாரி எல்லாம் வந்து திறக்கிறாங்கன்னு கடையைப் பூட்டிட்டு, நல்ல துணியா உடுத்திட்டு வந்தேன். கழுத்துல இருந்த டேப்பைக் கழட்டக்கூட மறந்துட்டேன். நான் வந்து சேர்ந்தப்ப நீ உள்ள பைக்கைத் தள்ளிக்கிட்டு இருந்த. எனக்கு ஒரு நப்பாசை, எப்படியாவது நுழைஞ்சிடலாம்னு. பைக்கை எடுத்ததும், உன்னைச் சுத்திக் கூட்டம் நின்னப்ப, அளந்து பார்த்தேன். பாதிதான் இருந்துச்சு."

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்லக்கா?"

"எப்படிக் குடுப்பேன்? பைக் உள்ள போகலன்னு எல்லாரும் கைதட்டுறாங்க. நீ தரையிலயே நிக்கல. அந்த நேரத்துல போய், டேய், நானும் உள்ள வர முடியலடான்னு சொல்லச் சொல்றியா?"

டேப்பு எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடினார். "அன்னிக்குச் சாயங்காலம் வந்தப்ப தலைவலின்னு சொன்னியே."

"தலையும்தான் வலிச்சுது."

அக்காவுக்குக் கோபம் இல்லை. அதுதான் டேப்புவுக்குத் தாங்க முடியவில்லை. அக்கா மேஜையை விரலால் இரண்டு தட்டு தட்டினார். "இது என் இடுப்புக்கு எவ்ளோ சரியா இருக்கு பாரு. இங்க என் அளவு உனக்கு அத்துப்படி. நாலு தெரு தள்ளிப் போனதும் எப்படிடா மறந்துபோச்சு? சரி, கேட்டை விடு. இத்தனை வருஷமா வந்து மீன்கொத்தி, மீன்கொத்தின்னு சொன்ன. ஒரு நாளாவது, வாக்கா, வந்து பாருன்னு சொன்னியா?"

டேப்பு யோசித்துப் பார்த்தார். எத்தனை ஞாயிறு, எத்தனை மீன்! ஆனால் 'வா' என்ற ஒரு சொல் அதில் எங்கேயும் இல்லை. அக்கா என்றால் கடை, தான் என்றால் காடு என்று மனசுக்குள் எப்போதோ பிரித்துவைத்துவிட்டார்; அக்காவுக்கும் ஏரி பார்க்க ஆசை இருக்கும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அது புரிந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்தில்லாத தாளோடு வீடு திரும்பினார்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். மனைவி கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "உங்களுக்கு மட்டும்தாங்க தெரியாது. அண்ணி அன்னிக்கே என்கிட்ட சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாங்க."

"பதினேழு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தியா?"

"கஷ்டமாத்தான் இருந்துச்சு," என்றார் மனைவி.

மறுநாள் காலை பூங்கா திறப்பதற்கு முன்பே டேப்பு அறுவை மெஷினோடு கேட்டுக்கு முன்னால் நின்றார். வாட்ச்மேன் பதறிப்போய் மேடத்தைக் கூட்டிவந்தார். கேட்டை எடுத்துவிட்டால் பைக்கை யார் நிறுத்துவது என்பது அவருடைய கவலை.

"நீங்க இந்த நாற்காலியில எத்தனை வருஷமா இருக்கீங்க?" என்று மேடம் கேட்டார்.

"பதினேழு வருஷமா மேடம்."

"பைக் ஒண்ணு வந்தா என்ன செய்வீங்க?"

"எழுந்து போய் நிறுத்துவேன்."

"அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். வாட்ச்மேன் தன் நாற்காலியைப் புது மரியாதையோடு பார்த்தார்.

கேட் போனதும் டேப்புவுக்கு வேகம் பிறந்தது. இரண்டு வாரம் தலைகால் புரியாமல் வேலை செய்தார். குழாயைப் பிடுங்கி வேறு உயரத்தில் வைத்தார். கட்டையை ஊன்றி எழுந்திருக்க வசதியாக, பெஞ்சுகளை உயர்த்தி இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தார். தட்டியில் பழைய ஓட்டையைப் பலகை அடித்து மூடிவிட்டு, நன்றாகக் கீழே புது ஓட்டை போட்டார். மேடம் ஒத்திகை பார்க்கலாம் என்று எல்லோரையும் அழைத்துப் போனபோதுதான் விஷயம் வெளிவந்தது. ஆறடி உயரத் தோட்டக்காரர் குழாயில் தண்ணீர் குடிக்க மடங்கி மடங்கிக் கேள்விக்குறியானார். ஓட்டையில் பார்க்க மண்டியிட்டார். ஒத்திகைக்கு வந்திருந்த வாட்ச்மேனின் அண்ணன் புது பெஞ்சில் ஆசையாக உட்கார்ந்தார், எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். "நான்தான் முன்னாடியே சொன்னேனே," என்று அவர் வாட்ச்மேனைப் பார்த்து முறைத்தார்.

மேடம் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "இதெல்லாம் யார் அளவு?"

"அக்கா அளவு மேடம்."

"முன்னாடி இது உங்க பூங்காவா இருந்துச்சு. இப்ப உங்க அக்கா பூங்கா ஆயிடுச்சு. மத்தவங்க பூங்கா எப்ப வரும்?"

டேப்பு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தையல் கடைக்குப் போனார். கதையைக் கேட்டு அக்கா சிரித்த சிரிப்பில் ஊசி கீழே விழுந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்கே என் அளவுல சட்டை தைச்சுட்டு வந்து நிக்கிறியா?" என்றார்.

"வேற என்ன அளவுல தைக்கிறது? ஆளுக்கு ஆள் வேறயா இருக்காங்களே."

"அதைத்தான் நான் நாப்பது வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன்." அக்கா அந்த வருட நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாகப் பெயர்கள், எண்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. "துணின்னா ஒவ்வொருத்தருக்கும் தனியாத் தைக்கலாம். உன்னால ஒவ்வொருத்தருக்கும் தனி ஏரி கட்ட முடியாது. அதனால சின்னதுல சின்னது எது, பெருசுல பெருசு எதுன்னு பாரு. அது ரெண்டும் உள்ள வர்ற மாதிரி செய். நடுவுல இருக்கிறவங்க தானா வந்துடுவாங்க."

சொல்லிவிட்டு, தன் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தம்பியின் கழுத்தில் போட்டார். "முதல்ல இதை வெச்சுப் பழகு."

அடுத்த ஒரு வாரம் டேப்பு வாசலிலேயே நின்று, வருகிறவர் போகிறவரை எல்லாம் அளந்தார். குழந்தை வண்டி, சக்கர நாற்காலி, அதில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம், நாலு வயசுப் பிள்ளையின் கை நீளம், வாட்ச்மேனின் அண்ணனுடைய இடுப்பு. அவர் இடுப்புக்கு டேப்பே போதாமல் இரண்டு தவணையாக அளக்க வேண்டியிருந்தது. பார்வையில்லாத ஒரு தம்பதி, தங்களையும் அளக்கச் சொல்லி நின்றார்கள். அளந்து முடித்ததும் அந்தக் கணவர், "எங்களுக்கு உயரம் எல்லாம் எப்படி வேணா இருக்கட்டும் சார். பாதை ஓரத்துல ஒரு கயிறு கட்டுங்க, கம்பீரமா நடப்போம்" என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். குழாய் இரண்டு உயரத்தில் வந்தது. சில பெஞ்சுகளுக்கு ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் மிஞ்சியது. தட்டியில் ஓட்டைக்குப் பதிலாக, முட்டி உயரத்திலிருந்து தோட்டக்காரரின் தலைக்கு மேல் வரை ஒரு நீளப் பிளவு விட்டார். யார் எங்கே கண்ணை வைத்தாலும் ஏரி தெரிந்தது.

எல்லாம் முடிந்தது, ஒன்று பாக்கி. சனிக்கிழமை அக்காவின் கடைக்குப் போனார். வழக்கம்போல் மீன்கொத்தியில் ஆரம்பித்தார், தட்டிக்குப் போனார், பெஞ்சுக்குப் போனார், டீ ஆறிப்போனது. கடைசியில் எழுந்து, வாசலில் போய் நின்றுகொண்டு, தெருவைப் பார்த்தபடி சொன்னார். "நாளைக்கு நீ வரணும்க்கா. வா."

அக்கா தலை நிமிராமல், "ஒரு அவசர பேன்ட் இருக்கு. பார்க்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் கூட்டம் வந்துவிட்டது. மூன்று குழந்தை வண்டிகள் வேலியைத் தாண்டாமல் வாசல் வழியாகவே வந்தன. வாட்ச்மேனுக்குக் கை என்னமோ போலிருந்தது. அவருடைய அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட் கொடுக்கிறவரின் மனைவி கழிப்பறைத் தாழ்ப்பாளை நாலு முறை போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். பார்வையில்லாத தம்பதி கயிற்றைப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

டேப்பு மட்டும் வாசலுக்கும் தெருமுனைக்குமாக அலைந்தார். பத்தரைக்கு நடை கிளம்பியது. மேடம் கூப்பிட்டார். "நீங்க போங்க மேடம், கேட்டுல ஒரு வேலை இருக்கு" என்றார். கேட்டே இல்லாத இடத்தில் என்ன வேலை என்று மேடம் கேட்கவில்லை. பதினொன்று ஆனது. ஊரே உள்ளே வந்து, அக்கா ஒருத்தர் வராவிட்டால் இத்தனையும் எதற்கு என்று நினைத்தபடி மறுபடியும் தெருமுனை வரை போய்த் திரும்பினார்.

பதினொன்றே காலுக்குத் தெருமுனையில் இரண்டு கட்டைகளின் சத்தம் கேட்டது. நல்ல துணியாக உடுத்திக்கொண்டு, தோளில் ஒரு பையோடு அக்கா வந்தார். டேப்பு ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

"கையை எடுடா, நடக்கத் தெரியும்" என்றார் அக்கா. வாசலுக்கு வந்தவர் உள்ளே நுழையாமல் நின்றார். மேலும் கீழும் பார்த்தார். "டேப்பைக் குடு."

டேப்பு கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு நுனியை அக்கா இந்தத் தூணில் பிடித்தார், மறுநுனியைத் தம்பி அந்தத் தூணில் பிடித்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் காத்துக்கொண்டு நின்றார்கள். அக்கா எதைப் பற்றியும் கவலைப்படாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார்.

"முப்பத்தாறு."

பையிலிருந்து அந்த நீல அட்டை நோட்டு வெளியே வந்தது. நடுப்பக்கத்தைத் திறந்து, பழைய இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவது வரியாக அதை எழுதினார். "எனக்கு முப்பத்தொண்ணு போதும். கொஞ்சம் லூஸ்தான்," என்றார். பிறகு பூங்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருக்கட்டும். வளர்ற உடம்பு."

அதோடு விடவில்லை. கையெழுத்துப் போடாத தாளைக் கேட்டு வாங்கினார். 'விருப்பமில்லை' என்பதை அடித்துவிட்டு, 'அளவு சரியில்லை. திருத்தி வாங்கியாகிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தம்பியிடம் நீட்டினார். இரண்டு கட்டைகளையும் முன்னால் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பாமல், நேராக உள்ளே போனார்.

டேப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெல்டிங் பொறி," என்றார் வாட்ச்மேனிடம். வெல்டிங் முடிந்து மூன்று நாளாகிறது என்பதை வாட்ச்மேன் பெருந்தன்மையாக ஞாபகப்படுத்தவில்லை.

நடை ஏரியின் அந்தக் கரைக்குப் போயிருந்தது. தட்டியருகே யாரும் இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, கட்டைகளைச் சாய்த்து வைத்துவிட்டு, பிளவு வழியாகப் பார்த்தார். தண்ணீர், நாணல், வெயில், மூலையில் ஒரு மரக்கொம்பு. டேப்பு விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார்.

"சும்மா இரு," என்றார் அக்கா. "நான் பார்க்கணும்."

இருவரும் சும்மா இருந்தார்கள். டேப்புவுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவரைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கால் மணி நேரம் போயிருக்கும். கொம்பில் நீலமாக ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துத் தண்ணீரைப் பார்த்தது. அக்காவின் கை தானாகவே தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டது. பறவை தலைகீழாக விழுந்தது, ஒரு சத்தம், மறுபடி கொம்புக்கு வந்தபோது அதன் அலகில் ஒரு மீன் துடித்தது.

அக்கா மூச்சுவிடவில்லை. மீன் உள்ளே போய், பறவையும் பறந்துபோன பிறகுதான் கண்ணை எடுத்தார். கண் கலங்கியிருந்தது. நாற்பது வருடம் அளவெடுத்த கண், கலங்கினாலும் வேலையை விடவில்லை.

"ரெண்டு இஞ்ச்," என்றார்.

டேப்பு ஏரியைப் பார்த்தார்.

"பதினேழு வருஷமா ஒரு ஜாண், ஒரு ஜாண்னு சொன்னியேடா."

"அது வேற மீன்க்கா."

"சரி," என்று அக்கா கட்டைகளை நிமிர்த்திக்கொண்டார். "அப்ப அடுத்த ஞாயிறும் வர்றேன். அந்த ஒரு ஜாண் மீனைப் பார்க்காம விடமாட்டேன்."